கேள்விக்குறியோடு வந்த குடியிருப்புச் சான்றிதழ்

பிள்ளைகளே, உங்கள் அக்காவை ஒரு நாள் கடையில் வைத்து, ஆட்கள் பார்க்க, நான் திட்டினேன். அது உங்கள் இருவருக்கும் தெரியும். எதற்காகத் திட்டினேன் என்பதை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நம் கடை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் ஊர் பட்டினத்து மெயின் ரோட்டில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். வருமானச் சான்று, சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் வருகின்றன. பேனாவால் போடும் கையெழுத்து போய், அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்து வந்துவிட்டது. அந்தக் கையெழுத்தை நம்பலாமா என்று நம் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். நம்பினால் பச்சை டிக். பட்டியலில் இல்லாவிட்டால் மஞ்சள் கேள்விக்குறி. கேள்விக்குறி வந்தால் நான் அதன்மேல் அழுத்தி, அந்த அதிகாரியின் பெயரை நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பேன். டிக் வந்துவிடும். ஏழெட்டு வருஷமாக இதுதான் என் தொழில் ரகசியம்.

அக்காவுக்கு நர்சிங் சீட்டுக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் நாள் அது. அவள் குடியிருப்புச் சான்றிதழை முந்தின நாள் நான்தான் அச்சடித்தேன். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறவன், சொந்த மகளுடையதைப் பார்க்காமல் கவரில் போட்டுவிட்டேன். காரைக்கால் போய் வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும், கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"என்னங்க இது, கேள்விக்குறியோட கொண்டு வந்துருக்கீங்க? அரசாங்கத்துக்கே சந்தேகம்னா நான் எப்படி வாங்குறது?"

"சந்தேகம் அரசாங்கத்துக்கு இல்லைங்க. என் கம்ப்யூட்டருக்கு."

"அப்ப உங்க கம்ப்யூட்டரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மேசையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. "அதுல திறந்து பாருங்களேன்" என்றேன். "எங்களுக்குப் பேப்பர்தாங்க வேணும். நாலு மணிக்குள்ள டிக்கோட வாங்க. இல்லாட்டி சீட்டு அடுத்த பேருக்குப் போயிடும்." சுவர்க் கடிகாரத்தில் இரண்டு தாண்டியிருந்தது.

வண்டியில் நெரவி வழியாகக் கடைக்குத் திரும்பினோம். கடையில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேள்விக்குறியை அழுத்தினேன். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி, அதனால் பெயர் பட்டியலில் இல்லை. சேர்த்தேன். கேள்விக்குறி நகரவில்லை. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அசையவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் டிக் கொடுத்த கை, என் மகளுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அத்தா, எதிர்க் கடையில ஃபோட்டோஷாப்ல அந்தக் கேள்விக்குறிய அழிச்சிட்டு டிக் போட்டுத் தர்றாங்களாம். அஞ்சு நிமிஷம்தானாம். நம்ம சர்ட்டிபிகேட் உண்மைதானே?"

உண்மைதான். அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உண்மையான பேப்பரைப் போய் நீயே பொய்யாக்குவியா? நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சான்னா சீட்டும் போகும், மானமும் போகும்!" என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழ ஆரம்பித்தாள். நான் திட்டியது அவளை. என் கோபம் அந்தக் கேள்விக்குறி மேல்.

வேறு வழியில்லாமல் துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உங்கள் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், இத்தனை வருஷமா யாரை யாரை நம்புனீங்க? அந்த லிஸ்ட்டைப் படிங்க பார்ப்போம்" என்றார். படித்தேன். மாற்றலாகிப் போன அதிகாரிகள், ரிட்டயர்டு ஆனவர்கள், யாரென்றே நினைவில்லாத இரண்டு பெயர்கள். மாமா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "உங்க கம்ப்யூட்டர் பொட்டி, வேலைய விட்டு வீட்டுக்குப் போனவங்களையெல்லாம் நம்பிக்கிட்டு உக்காந்துருக்கு மச்சான்! ஆளை நம்பாதீங்க. அவருக்குக் கையெழுத்து கொடுத்தது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அதிகாரம் கொடுத்தது மேல உள்ள அரசாங்க அமைப்பு. இந்த அதிகாரியோட கையெழுத்து இன்னும் செல்லுமான்னு இப்பல்லாம் பொட்டி மேல விசாரிக்கும். மேல இருக்கறவங்களையே உங்க பொட்டிக்குத் தெரியாது. அது என்ன செய்யும் பாவம்? உச்சியில உள்ள அந்த அமைப்பை மட்டும் சேர்த்துடுங்க."

"சரி, அழுத்திடவா?"

"அவசரப்படாதீங்க! அதுதான் நிஜமான உச்சியான்னு மொதல்ல பாருங்க. எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீளமான நம்பர் இருக்கும். அரசாங்கத் தளத்துல போட்டுருக்கறதும் உங்க திரையில உள்ளதும் ஒண்ணா இருக்கணும். ஒரு எழுத்து மாறுனாலும் தொடாதீங்க."

மணி மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா தன் போனில் அரசாங்கத் தளத்தைத் திறந்தாள். அவள் இரண்டிரண்டு எழுத்தாக வாசிக்க, நான் திரையில் விரலை வைத்து நகர்த்தினேன். "நாலு ஏ... ஒம்பது மூணு... இருங்க அத்தா, வரி தப்பிட்டு." மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் ஒருவர் வந்து, "ரீசார்ஜ் உண்டா?" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் போய்விட்டார். கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. சேர்த்தேன். கேள்விக்குறி இருந்த இடத்தில் டிக் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அக்கா.

அச்சடித்தால் டிக் கறுப்பாக வந்தது. கலர் இங்க் தீர்ந்து போயிருந்தது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அக்காவின் கை மேசையிலிருந்த பச்சை ஸ்கெட்ச் பேனா பக்கம் போனது. அவளே கையை எடுத்துக்கொண்டாள்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கவுண்டரில் நீட்டினோம். அவர் பெயரைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. டிக்கை மட்டும் விரலால் தொட்டார்.

"பச்சை எங்க? இங்க் தீந்துடுச்சா?"

"ஆமாங்க."

"இங்கயும் அதே கதைதான்" என்று சொல்லி, முத்திரையைக் குத்திவிட்டார்.

மறுநாள் அந்தப் பழைய பெயர்களையெல்லாம் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். அக்காவிடம், ஆட்கள் பார்க்கத் திட்டியது தப்பு என்று சொன்னேன். "ஆமா, தப்புதான்" என்றாள்.

சில மாதத்தில் அந்த அதிகாரியும் மாறினார். புதியவர் கையெழுத்தோடு வந்த முதல் சான்றிதழில் டிக் தானாகவே இருந்தது. என் சந்தோஷத்தைக் கெடுத்தது அந்தச் சான்றிதழுக்குச் சொந்தக்காரரான அம்மாள். வருஷாவருஷம் வருகிறவர்.

"என்ன தம்பி, எப்பவும் எதையோ அழுத்துவீங்களே? இன்னிக்கு அழுத்தவே இல்லையே, இது செல்லுமா?"

"செல்லும்மா. இனிமே அழுத்த வேண்டியதே இல்ல."

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"எதுக்கும் ஒரு லேமினேஷன் போட்டுடுங்க" என்றார்.