நான் கொண்டுபோன காய்கள்

சங்கரன்கோவில் பரோட்டாக் கடையில் சீமைக்கருவேலக் கரி புகையும்போதெல்லாம் எங்கள் ஊர் மேய்ச்சல் தரை நினைவுக்கு வருகிறது. மழை முடிந்ததும் அங்கே கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் நிற்கும். செம்மறிகள் அதைக் கடிக்கிற சத்தம் தூறல்போல நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கோடையில் புல் காய்ந்து ஆடுகள் வாடியபோது, குருவிகுளம் சாலையோரத்துச் சீமைக்கருவேல மரங்களின் இனிப்பான காய்களைச் சாக்கில் அள்ளிவந்து அவற்றுக்குப் போட்டவன் நான்தான். "நீ நல்லா இருப்ப மக்கா" என்றாள், ஆடு மேய்த்த மாடத்தி அக்கா. அடுத்த மழையில் ஆட்டுப் புழுக்கை விழுந்த இடமெல்லாம் அந்தக் காய்களின் விதை முள்கன்றாக முளைத்தது. சில வருடங்களில் தரை முழுக்க முள்காடாகிப் புல் செத்தது. அக்கா ஆடுகளை விற்றாள். "எந்தப் பாவி விதைச்சானோ" என்று அவள் திட்டியபோது நான் வாய் திறக்கவில்லை.

போன வருடம் சிவகிரியில் மகள் வீட்டில் இருக்கும் அவளைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். "ஏலே, அன்னைக்கே சொல்லியிருந்தா, சின்னக் கன்னா இருக்கும்போதே ரெண்டு பேருமாப் புடுங்கியிருக்கலாம்லா" என்றாள்.

அதுமுதல் தினமும் காலையில் கடப்பாரையோடு அந்த மேய்ச்சல் தரைக்குப் போய் முள்மரத் தூர்களைத் தோண்டுகிறேன்.

"தனி ஆளா இந்தக் காட்டை அழிச்சிருவீயளோ?" என்று மகன் சிரிக்கிறான்.

"முடியாதுதாம்லே. நாளைக்கும் போவேன்."