பத்தொன்பதாம் எண் பொன்னாடை

2024 செப்டம்பர் ஐந்தாம் தேதி மதியம் வரை இசைவாணி டீச்சருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் மொத்தம் அறுபத்து மூன்று. இது குத்துமதிப்பு அல்ல. ஒவ்வொன்றின் உள்மூலையிலும் சிவப்பு நூலால் ஓர் எண் இருக்கும். யார் போர்த்தியது, எந்தத் தேதி, பிறகு யாருக்குப் போனது என்பதெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இருக்கும்.

சேத்தியாத்தோப்புக்கு மேற்கே, நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. எண் தைக்கும் வழக்கம் ஓர் அவமானத்தில் ஆரம்பித்தது. 2016 மே மாதம் பக்கத்து ஊர் ராமாமிர்தம் சார் ஓய்வு பெற்றபோது, டீச்சர் பீரோவிலிருந்து பளபளப்பாக ஒன்றை எடுத்துப் போய்ப் போர்த்தினார். சார் அதன் கரையைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது போன வருஷம் நான் ஒனக்குப் போத்துனதாச்சே. பத்தரமா வச்சிருந்து திருப்பிக் குடுத்துட்டியே."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் டீச்சர் ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

பொன்னாடையை யாரும் உடுத்துவதில்லை, விரிப்பதில்லை, துவைப்பதுமில்லை. தோளுக்குத் தோள் மாறிக்கொண்டே இருக்கும். "டீச்சர், சம்பந்தி வராரு, ஒண்ணு இருந்தா குடுங்க" என்று தெருவில் கேட்பார்கள். கொடுப்பார், நோட்டில் எழுதுவார்.

ஆனால் டீச்சருக்கு வேண்டியது பொன்னாடை அல்ல, கதவு. 2023 நவம்பர் 28 அன்று பெய்த மழையில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. மேலிடத்துக்கு மூன்று மனுப் போட்டார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்தது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இரண்டு பிள்ளைகள் பாவாடையை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கும். ஐந்தாம் வகுப்பு வெண்மதி இந்தக் கூத்தே வேண்டாமென்று காலையிலிருந்து நாலு மணி வரை தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். ஆகஸ்டில் இரண்டு முறை நீர்க்கடுப்பு என்று விடுப்பு எடுத்தாள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போவதை டீச்சர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் தினத்தன்று சாயங்காலம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. நடத்தியது ஒரு நற்பணிச் சங்கம். அதன் தலைவர் மணவாளன். சேத்தியாத்தோப்பில் இரும்புக் கடை வைத்திருப்பவர். கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் அவர் கடையில் வாசல் வரை அடுக்கியிருக்கும். டீச்சர் ஜூனிலேயே அவரிடம் போய்க் கேட்டிருந்தார். "கதவு கெடக்கட்டும் டீச்சரம்மா, ஒங்கள பெரிய அளவுல கௌரவிக்கப் போறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாலை ஆறு பத்துக்கு மேடையில் கௌரவித்தார். கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு பேரும் முனையைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார்கள். "அப்படியே இருங்க" என்பது போல போட்டோக்காரர் கையைக் காட்டிவிட்டு ஏதோ பட்டனோடு போராடினார். அந்த நேரத்தில் டீச்சரின் கட்டைவிரலுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. குனிந்தார். சிவப்பு நூலில் 19.

"அண்ணே," என்றார், சிரித்த முகம் கலையாமல். "இது பத்தொம்போது."

"என்னா பத்தொம்போது?"

"என் நம்பர். ரெண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பர்ல காட்டுமன்னார்கோயில்ல எனக்குப் போத்துனது. எதுத்த ஊட்டு ரத்தினம்மா, புது ஊட்டுக்குக் குடி போறப்ப மேஸ்திரிக்குப் போத்தணும்னு வாங்கிட்டுப் போனாங்க. சிங்காரம் மேஸ்திரிக்கு."

மணவாளனின் சிரிப்பு பாதியில் நின்றது. "சிங்காரம் நம்ம கடை வாடிக்கதான். ஆயுத பூஜையில எனக்குப் போத்துனாரு."

"இப்ப நீங்க எனக்கு. நல்லாத்தான் இருக்கு, சாயம்கூட போகல."

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

"டீச்சரம்மா, மெதுவா. மைக்கு ஆன்ல இருக்குது."

"அடுத்து நான்தான் பேசணும். ரெண்டு நிமிஷம் குடுத்திருக்கீங்க. இந்தப் பொன்னாட வந்த வழியச் சொல்லட்டுமா, வேற எதாச்சும் பேசட்டுமா?"

மணவாளன் எதிரே பார்த்தார். முன்வரிசையில் ராமாமிர்தம் சார் உட்கார்ந்திருந்தார், காதைத் தீட்டிக்கொண்டு.

"கதவு எத்தன அடி?"

"ஆறேகால் ஒசரம், ரெண்டேகால் அகலம். பிவிசி போதும். கீல் மூணு. தாழ்ப்பா உள்பக்கம் ஒண்ணு, எட்டுற ஒசரத்துல."

"நாளைக்கு வரும்."

"எத்தன மணிக்கு?"

"என்னா டீச்சரம்மா, ஜாஸ்தியா போறீங்க. பதினொண்ணுக்கு."

டீச்சர் மைக்கைப் பிடித்து, கல்வியின் பெருமையைப் பற்றி ஒன்றே முக்கால் நிமிடம் பேசினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதுக்கே குட்டியானை வண்டியில் கதவு வந்து, பன்னிரண்டுக்குள் மாட்டியாகிவிட்டது. அதன் நடுவில் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: மணவாளன்' என்று சாண் உயர எழுத்து; கீழே கடையின் செல் நம்பர். கோயில் டியூப்லைட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு வரைக்கும் அப்படி எழுதியே பழகிய கை. டீச்சர் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்தார். அவர் கேட்ட பட்டியலில் உள்ளது எல்லாம் கதவில் இருந்தது.

சனி, விநாயகர் சதுர்த்தி. திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மணவாளனே வந்தார். கையில் ஒரு தின்னர் டப்பாவும் பழந்துணியும்.

"கதவு போட்டோவ வாட்ஸ்அப்புல போட்டேன். எங்க ஊட்டுக்காரி கலைமணி பாத்துட்டா. ஊர்ல ஒங்க பேரு தொங்குறதுக்கு பொட்டப் புள்ளைங்க கக்கூஸ் கதவுதான் கெடச்சுதா, போன் நம்பர் வேறயான்னு, கொழுக்கட்டைய தட்டுல வைக்கவே இல்ல."

அரைமணி நேரம் தேய்த்தார். 'உபயம்', செல் நம்பர் இரண்டும் சுலபமாகப் போயின. 'மணவாளன்' போக மறுத்தது. கடைசியில் லேசான ரோஜா நிறக் கறை ஒன்று மிஞ்சியது.

டீச்சர் பள்ளியின் நன்கொடைப் பதிவேட்டைத் திறந்தார். "பேரு போடட்டுமாண்ணே?"

"வேணாம். ஆள உடுங்க."

"காலியா உட முடியாது. ஆடிட்டுல கேப்பாங்க." எழுதினார்: 'கதவு 1, கீல் 3, தாழ்ப்பாள் 1. வழங்கியவர் மணவாளன்.' குறிப்பு என்ற கட்டத்தில், 'பெயர் கதவில் இல்லை' என்று சேர்த்தார். பிறகு கைப்பையிலிருந்து தம் சொந்த நோட்டை எடுத்து, பத்தொன்பதுக்கு எதிரே 'திரும்பி வந்தது, 5.9.2024' என்று குறித்தார். மொத்தம் அறுபத்து மூன்றாகவே நின்றது.

மணவாளன் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கழிப்பறைப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே சத்தம். வெண்மதி காலி பாட்டிலோடு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், தண்ணி தீந்துடுச்சி. கொழாயில புடிச்சிக்கட்டா?"