மின்சாரத்துக்குக் கிளை இல்லாத மரம்

1991 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. ஓசூரில் தூறல். அந்த நேரத்தில் எங்கள் தொழிற்சாலை மேலாளரின் அறையில் நின்றுகொண்டு, பொய் என்று தெரிந்தே, "சரிதான் சார்" என்றேன். அந்த இரண்டு சொற்களால் சாதிக் என்ற பயிற்சித் தொழிலாளியின் வேலை போயிற்று.

தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன்!

முதலிலிருந்து சொல்கிறேன்... எங்கள் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான இரும்புத் தண்டுகளைக் கடைந்தோம். கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் அப்போதுதான் வந்திருந்தன. அவை நடுவில் நின்றால் ஏன் நின்றன என்று சொல்ல ஒரு நிரல் வேண்டும் என்றார் மேலாளர். அனுபவசாலிகளின் அறிவைக் கேட்டு வாங்கிக் கணினிக்குள் வைக்கும் வேலை. அதை என்னிடம் கொடுத்தார்.

அத்தகைய நிரலுக்கு அடித்தளமாக ஒரு வகைப்பாடு தேவை. இந்தத் துறையில் என்னென்ன உண்டு, எது எதன் வகை, எது எதற்குக் காரணமாகலாம் என்ற அடுக்கு. இன்று அதை ஆன்டாலஜி என்கிறார்கள். நாங்கள் 'மரம்' என்றோம். புதிதாக வரைந்தால் எட்டு மாதம் ஆகும். எங்களோடு கூட்டு வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனத்திடமோ ஏற்கெனவே ஒரு மரம் இருந்தது. நேர்த்தியானது, அங்கே பல ஆண்டு ஓடியது. எடுத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் முடித்தேன்.

அது குற்றமில்லை. ஒருவர் யோசித்து அடுக்கியதை இன்னொருவர் மறுபடி அடுக்குவானேன்? இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால், எழுதத் தேவையில்லை என்று அவர்கள் விட்டுவிட்டது எதுவோ, அதுவும் மரத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது...

அதில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். மூன்று முறை எண்ணினேன். எண்ணாமல் எனக்கு எதுவும் ஓடாது. இரண்டாம் முறையே கண்ணில் பட்டுவிட்டது. அந்தப் பெயர்களில் மின்சாரம் இல்லை! அவர்கள் ஊரில் மின்னழுத்தம் இறங்கியதே இல்லை போலும். உச்சியில் மூன்றே கிளைகள்: இயந்திரம், மூலப்பொருள், இயக்குபவர். முதல் இரண்டில் சேராத எதுவும் தானாக மூன்றாவதில் விழும்.

நம் ஊரில்? கெலவரப்பள்ளிப் பக்கத்து வயல்களில், இரவில் மும்முனை மின்சாரம் விட்டதும் பம்பு செட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடும். இங்கே விளக்கு ஒரு நொடி மங்கும், இயந்திரம் நின்றுவிடும். மறு நொடி எல்லாம் சரியாகிவிடும். தடயமே இராது.

நான்காவது கிளையைச் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். சேர்த்திருக்கலாம்... ஆனால் உச்சியில் கை வைத்தால் கீழே உள்ள விதிகள் அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும். வெளிநாட்டு ஆலையின் அறிக்கையோடு நம் அறிக்கையை வரிக்கு வரி ஒப்பிடவும் முடியாது. மேலாளருக்கு வேண்டியிருந்தது அந்த ஒப்பீடுதான். அதோடு, மறைப்பானேன், 'ஆறு வாரத்தில் முடித்தவர்' என்ற பெயர் எனக்கு இனித்தது.

இரவுப் பணி பெரும்பாலும் பயிற்சியாளர்கள் தலையில்தான் விழும். சாதிக் பக்கத்திலிருந்த பேரிகை என்ற ஊர்க்காரன். அந்த ஆகஸ்டில் நிரந்தரமாக வேண்டியவன். நிரந்தரமானதும் ஓசூரில் வீடு பிடித்து, ஊத்தங்கரையில் தாய்வீட்டில் இருந்த மனைவியை அழைத்துவர நினைத்திருந்தான். இயந்திரம் நின்றால், திரையில் வரும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று அதை இயக்குபவர் தட்ட வேண்டும். ஒருநாள் கேன்டீனில் என்னிடம் வந்தான்.

"சார், கரண்ட்டுன்னு ஒரு கேள்வியே இல்லையே சார்? லைட்டு மங்குது, மெஷினு நின்னுக்குது. நான் எதுல போடறது?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் நஞ்சப்பா சிரித்தார்.

"டூலு ஒடஞ்சிச்சின்னு போட்டுட்டுப் போவியா! எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கினு இருக்கானுங்க. நீ ஒருத்தன்தான் கோர்ட்டுல நிக்கிற மாதிரி பதில் சொல்ற."

"ஒடையாத டூலை எப்படிண்ணா ஒடஞ்சிச்சின்னு போடறது? ஒடஞ்சதக் காட்டுன்னு ஸ்டோர்ல கேட்டா?"

"அப்ப ஒண்ண ஒடச்சி வெச்சிக்கோ!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லைன்னா இல்லைன்னே போடுப்பா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்வேனாம்! அவன் நம்பினான். கருவி உடைந்ததா, இல்லை. எண்ணெய் குறைந்ததா, இல்லை. உண்மையையே தட்டிக்கொண்டு போனான். முடிவில் ஒவ்வொரு முறையும் நிரல் ஒன்றையே சொன்னது: இயக்குபவர் பிழை. பொய்யைத் தட்டியவர்கள் பெயரில் ஒரு குறையும் ஏறவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். "இந்தப் பையன் பேர்லயே இவ்வளவு ஸ்டாப்பேஜ் காட்டுதே. பாத்தா அப்படித் தெரியல. சிஸ்டம் சொல்றது சரிதானா? நீங்க சொல்றத வெச்சு முடிவு பண்றேன்."

அவரே கேட்டார்! நான் குறுக்கே விழுந்து சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் மறுவாரம் வெளிநாட்டார் வருகிறார்கள், நிரலை விளக்கப்போகிறவன் நான். மரத்தில் ஓட்டை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்...?

"சரிதான் சார்."

வெளிநாட்டார் கை குலுக்கினார்கள். எனக்குப் பதவி உயர்ந்தது. அடுத்த ஆண்டு, யாரும் கேட்காமலே, நான்காவது கிளையைச் சேர்த்தேன். விதிகளையெல்லாம் சோதித்து முடிக்கப் பதினோரு நாள்தான் ஆயிற்று. பதினோரு நாள்! ஆண்டு முழுதும் எதற்குப் பயந்தேனோ, அது அவ்வளவுதான்.

1995இல், சாதிக் மனைவியின் ஊரான ஊத்தங்கரைக்கே போய், அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்குவதாக நஞ்சப்பா சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன், நம்புங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் அவன்தான் என்னை முதலில் பார்த்தான். ஓடி வந்தான்.

"சார்! நீங்களா! எங்க இவ்ளோ தூரம்?"

மில்லில் இயந்திர வேலை இல்லையா என்று கேட்டேன்.

"மோட்டார் பாத்துக்கச் சொல்லிக் கூப்புட்டாங்க சார். நான்தான் வேணாம்னுட்டேன். கம்ப்யூட்டரே சொல்லிருச்சே, நம்ம கைதான் சரியில்லன்னு. அது பொய் சொல்லுமா? நீங்களும் எனக்காக எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க... அதுக்கு மேல என்னா பண்ணுவீங்க."

வாயைத் திறந்தேன். சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன, வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தவை. நான் கேட்டது வேறு. "குழந்தைங்க எத்தன?"

இரண்டு என்றான். கிருஷ்ணகிரி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

குடித்த டீக்கு அவன்தான் காசு கொடுத்திருந்தான். "எங்க ஊருக்கு வந்துட்டு நீங்க குடுப்பீங்களா சார்?" என்று என் கையைத் தள்ளிவிட்டான். ஆகவே எனக்கு ஆனது பேருந்துக் கட்டணம் மட்டும். போக வர இருபத்தெட்டு ரூபாய். இந்தக் காரியத்தில் இன்றுவரை என் கையை விட்டுப் போனது அவ்வளவுதான்.