ஜெனோவாக்காரரும் பட்டுக்கோட்டையாரும்

யாங்கோன், அதாவது பழைய ரங்கூன். வியாழன் காலை 7.40. லத்தா பகுதியில் நான் தங்கிய விடுதிக்கு அறுபத்தோரு படிகள். மின்சாரம் இல்லை, லிப்ட் ஓடாது. எழுபத்தெட்டு வயதில் இரண்டு நாளில் ஒன்பது முறை ஏறி இறங்கியும் வந்த காரியம் ஆகவில்லை. சிறு வயதில் அப்பாவோடு இங்கே வந்து, அப்பா திரும்பிய பின்னும் தங்கிவிட்ட என் அண்ணன் சுப்பையா இதே நகரின் தாகேதா பகுதியில் இருக்கிறார். இருக்கிறாரா என்பதே இப்போது சந்தேகம். பதினான்கு மாதமாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அவர் தெருவில் வீட்டு எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். சுப்பையா என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் எனக்கு விமானம்.

காலை உணவின்போது எதிரே ஓர் இத்தாலியர் உட்கார்ந்தார். குடும்பப் பெயர் ஜெனோவேசே. ஜெனோவாக்காரர் என்று பொருளாம். ஜெனோவா எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டேன்.

"நான் போனதில்லை. நேபிள்ஸில் பிறந்தவன்."

ஏற்கெனவே கடுப்பில் இருந்தேன். "போகாத ஊரின் பெயரை எதற்குச் சுமக்கிறீர்கள்?"

"ஜெனோவாவுக்குள் ஒருவனை ஜெனோவாக்காரன் என்று கூப்பிட்டு என்ன பயன்? அங்கே எல்லோரும் அதுதானே. என் முன்னோரில் ஒருவன் ஊரைவிட்டு வந்திருப்பான். வந்த இடத்தில் வைத்த பெயர் இது" என்றார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

9.15. தாகேதாவுக்கு டாக்சி. கேட்டது பன்னிரண்டாயிரம் கியாட், கொடுத்தது ஒன்பதாயிரம். அதுவும் அநியாயம். பசுண்டாங் ஓடைப் பாலத்தில் மட்டும் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம்.

அந்தத் தெருவின் டீக்கடைக்காரர் தமிழர். எல்லோரையும் பர்மியர் வழக்கப்படி 'சயா' என்றுதான் கூப்பிடுகிறார்.

"மறுபடி வந்துட்டீங்களா சயா? அப்படி ஆளே இல்லேங்கறேன்."

"பட்டுக்கோட்டையிலேர்ந்து வந்தவர் யாராவது?"

"பட்டுக்கோட்டையாரா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? அந்தப் பச்சைக் கதவு. நேத்து அதுலதானே சாஞ்சு நின்னு டீ குடிச்சீங்க."

முப்பத்துநான்கு அடி தூரம். கதவைத் திறந்தது அண்ணன்தான். எண்பத்துநான்கு வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இத்தனை வருஷம் இருந்தும் உன் பேர் இங்கே ஒருத்தனுக்கும் தெரியல. இன்னும் வெளியூரானாத்தானே வச்சிருக்கானுங்க?"

"கத்தாதேடா, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது" என்றார். பிறகு, "ஊர்ல நம்ம வீட்டுல என்னை என்னன்னு சொல்றீங்க?"

மாலை ஐந்து வரை அங்கேயே இருந்தேன். அவர் அதை மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பட்டுக்கோட்டை வந்து சேர்ந்தேன். வாசலிலேயே மகன் கேட்டான்: "ரங்கூனாரைப் பாத்தீங்களா?"

"சுப்பையாவைப் பார்த்தேன்" என்றேன்.

அது யார் என்று கேட்டான்.