ஆறு மணி அடிக்கும் வரை

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த இருசப்பனுக்கு ஒரு கொள்கை இருந்தது. திரும்பிக் கிளம்புகிற நாளும் முழு நாள்தான், அதைப் பாதியில் வெட்டி யாருக்கும் தானம் கொடுக்கக் கூடாது என்பான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அதில் எங்கே ஓட்டை இருந்தது என்பது எண்பத்திரண்டாம் வருஷம், பங்குனி உத்திரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அன்று அவனுடைய எட்டு வயது மகள் திலகம் வேனுக்குள் இருந்தாள்.

வேன் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். கோலசிலாங்கூரில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் ஓட்டித் தேய்த்துக் கழித்துக்கட்டிய பெட்டி வேன் அது. இருசப்பன் ரொட்டித் தட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு பலகைப் படுக்கை அடித்தான். மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மூலை, கொசுவலைக்கு நாலு ஆணி, ஒரு அலாரம் கடிகாரம். ஓட்டுகிறவனுக்குக் காப்பி நீட்டுவதற்காக முன்பக்கத் தடுப்பில் ஒரு சதுர ஓட்டை போட்டான். காப்பி போனதோ இல்லையோ, திலகம் அதன் வழியாகப் பூனைக்குட்டி மாதிரி நுழைந்து முன் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான் இருந்தது. ரொட்டிக்கு உள்ளேயிருந்து கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

"உள்பக்கம் ஒரு கொக்கியாச்சும் போடுங்களேன்" என்று நாகமணி மூன்று தடவை சொல்லிவிட்டாள். நல்ல மனைவி, நாலாவது தடவையும் சொல்லியிருப்பாள். "அடுத்த வாரம் போடுறேன்லா" என்று அவன் மூன்று தடவையும் சொன்னான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மத்தியானம், லோரிச் சாவியைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கொடுத்த கையோடு மூவரும் ஜெராம் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரப் பயணம். ராத்திரி வேனிலேயே தூக்கம். மற்றவர்கள் ஞாயிறு காலையில் பசியாறியதும் பாயைச் சுருட்டுவார்கள். இருசப்பன் அப்போதுதான் பாயை விரிப்பான். வீட்டிலிருந்து கொண்டுபோனதில் நல்ல கறியை ஞாயிறு மத்தியானத்துக்கென்று ஒதுக்கிவைப்பான். கடைசிக் கால் மணி நேரம் வரைக்கும் ஒரு மூட்டையைக்கூடக் கட்ட விடமாட்டான்.

"திரும்பிப் போக ஒரு மணி நேரம் போதும். அதுக்கு எதுக்கு ஒரு நாளு?" என்பான்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. எழுபதாம் வருஷம் அவனுடைய அண்ணன் முருகையாவுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை, வேலைப் பெர்மிட்டும் கிடைக்கவில்லை. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதன், பார்த்தே இராத முன்னோர் ஊருக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. புறப்பட்ட அன்று விடிந்ததிலிருந்து பெட்டி கட்டினார்கள். கயிறு போதவில்லை என்று ஓடினார்கள், பூட்டைக் காணோம் என்று தேடினார்கள். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வருஷத்தில் அங்கேயே செத்தும் போனான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது இருசப்பனுக்கு இன்று வரை தெரியாது. ஒரு நாள் முழுக்கக் கையில் இருந்தும் பெட்டி கட்டியே தொலைத்துவிட்டோமே என்ற ஆற்றாமை அவனுக்குள் கிடந்து அரித்தது.

ஆனால் நாகமணிக்கு வீட்டில் வேலை கிடந்தது. மறுநாள் விடியற்காலம் அவள் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மூன்று மணிக்கே முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள். அவளைப் பிடித்துவைக்க இருசப்பனுக்குக் கிடைத்த ஆயுதம் ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், அதில் பயணம் ஆகாது. நாகமணி அதை உயிராக நம்புகிறவள். இருசப்பனோ ராகுவையும் நம்பியவன் இல்லை, கேதுவையும் நம்பியவன் இல்லை. நாலு மணிக்கு "அஞ்சு நிமிஷம்" என்பான், நாலே காலுக்கு "இதோ ஆச்சு" என்பான். நாலரை தாண்டியதும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அடடா, ராகு காலம் பொறந்திருச்சே" என்பான். ஒன்றரை மணி நேரக் கடல் கைக்கு வந்துவிடும்.

அந்த நேரத்தில் திலகம் மேல் பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் வழியில் வாந்தி எடுப்பாள். கடலைப் பார்த்து இறங்கி ஓடிவிடாமல் இருக்க அவளுக்கும் அதே ராகுவைத்தான் காட்டியிருந்தான். "ஆறு மணி அலாரம் அடிக்கிற வரைக்கும் புள்ளைங்க பலகைய விட்டுக் காலக் கீழ வைக்கக் கூடாது. வச்சா அப்பாம்மாவுக்குத்தான் ஆகாது." பிள்ளை கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையாட்டியது.

அந்த வருஷம் பிறந்தபோது அரசாங்கம் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொன்னது. நாகமணி தன் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொண்டாள். வேனில் இருந்த அலாரம் கடிகாரத்தை மட்டும் இருசப்பன் தொடவிடவில்லை. "சூரியன் என்ன கவர்மெண்டுலயா வேல செய்யுது? ராகு காலம் பழைய டைமுக்குத்தான்" என்றான். ராகு காலம் பிறப்பதற்கு அவள் கடிகாரம், முடிவதற்குப் பழைய கடிகாரம்; பழைய ஆறு என்றால் புது ஆறரை. இன்னும் அரை மணி நேரம் லாபம். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவனுக்கு.

பங்குனி உத்திரத்துக்கு மறுவாரம் கடற்கரையில் கூட்டம் அதிகம். வழக்கமாக அவன் வேனைக் கடலுக்கு அணைபோட்ட மண்மேட்டின் மேல்தான் நிறுத்துவான். அன்று ஞாயிறு காலை கடைத்தெருவில் பசியாறிவிட்டுத் திரும்பியபோது மேட்டில் இடமில்லை. ஓரமாக இருந்த சரிவில் இறக்கி, கீழே தாழ்வான மணலில் கொண்டுபோய் நிறுத்தினான். கதவைத் திறந்தால் கண்ணுக்கு முன் கடல். இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே கடிந்துகொண்டான்.

ஞாயிறு பகல் காற்றே இல்லை. தண்ணீர் எப்போதும் இல்லாத தூரத்துக்கு உள்வாங்கியிருந்தது. சேறும் மணலுமாகப் பரந்து கிடந்த வெளியின் கடைசியில் ஒரு மணல்திட்டு முதுகு காட்டியது. சேற்றில் துள்ளித் திரியும் மீன்களைக்கூட அன்று காணவில்லை. நாகமணிக்கு என்னவோ பிடிக்கவில்லை. "கடலு இவ்வளவு தூரம் போவுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மேட்டடியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தம் சம்பான் படகை ஏற்கெனவே சரிவின் பாதி உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார். வேனைப் பார்த்தார், அதன் சக்கரத்தைப் பார்த்தார். "பெத்தாங் நி ஆயர் பெசார்" என்றார். சாயங்காலம் தண்ணீர் பெரிதாக ஏறும் என்று அர்த்தம். இருசப்பன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். அத்தனை ஞாயிறும் மேட்டின் மேலிருந்து பார்த்தவை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

நாலு மணிக்கு மேட்டில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு குடும்பத்தலைவர் குனிந்து, "என்னா, நீங்க கெளம்பலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இப்பவே கெளம்பிரலாங்க. இன்னும் ராகு காலம் பொறக்கல" என்றாள் நாகமணி.

"அஞ்சு நிமிஷம்."

அப்புறம் நடந்தது வழக்கமாக நடப்பதுதான். அவள் கைக்கடிகாரத்தில் நாலரை தாண்டியதும் கிளம்பச் சொல்வதை நிறுத்திவிட்டாள். திலகம் மேல் பலகையில் ஏறிப் படுத்தாள். இருசப்பன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான். பின்கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். "வா, அந்தத் திட்டுல மட்டி கெடக்கும். ஒரு வாளி பொறுக்கிட்டு வந்திரலாம். நாளைக்குக் கறி ஆச்சு."

"புள்ள தனியா இருக்கும்."

"தூங்குற புள்ள எங்கப் போவும்? தாழ்ப்பா போட்டிருக்குலா."

திட்டுக்கும் கரைக்கும் நடுவில் முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் கிடந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. இருவரும் அதைத் தாண்டிப் போனார்கள். திட்டில் மட்டி குவிந்துதான் கிடந்தது. கையை விட்டால் ஐந்து, ஆறு என்று வந்தது. குனிந்த முதுகு நிமிரவில்லை, முகம் கடல் பக்கம். தூரத்தில் ஒரு கறுப்பு மேகம் அசையாமல் நின்றது. கரை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நாகமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு ஆச்சு. ராகு காலம் முடிஞ்சிருச்சு. கெளம்புவோம்."

"உன் கடியாரத்துக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு இன்னும் அரை மணி இருக்கு."

"இருட்டுறதுக்குள்ள வீடு சேரணுங்க."

"எப்படியும் லேட்டுதான். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். நாகமணி சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள், அப்படியே நின்றுவிட்டாள்.

பள்ளத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த கடல் இன்னும் திட்டை எட்டவில்லை. அது சுற்றிக்கொண்டு பின்னால் போயிருந்தது. அதற்கும் அப்பால் வேன் தண்ணீருக்குள் நின்றது. சக்கரங்கள் தெரியவில்லை. பின்பக்கம் ஒருச்சாய்ந்து, மணலுக்குள் இறங்கியிருந்தது.

"தெலகம்!" என்று நாகமணி போட்ட சத்தம் கரை வரை போயிருக்குமா என்பது சந்தேகம்.

இருசப்பனுக்கு நீச்சல் தெரியாது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு வாய்க்கால்தான் தெரியும். ஆனாலும் இறங்கினான். நாலாவது எட்டில் தண்ணீர் மார்புக்கு வந்தது, ஐந்தாவது எட்டில் கால் தரையை விட்டது. நாகமணி சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தன் கையால் போட்ட தாழ்ப்பாள். உள்ளே கொக்கி இல்லாத கதவு.

நல்ல வேளை, மலாய்க்காரப் பெரியவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்த வேன் எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டே மேட்டில் உட்கார்ந்திருந்தார் போலும். சம்பானை அவிழ்த்துத் தள்ளிக்கொண்டு திட்டுக்கு வந்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு வேன் பக்கம் திருப்பினார். அவர் துடுப்பு போட்ட அந்தச் சில நிமிஷங்கள் இருசப்பனுக்கு ஒரு வருஷமாகக் கழிந்தன. வழியெல்லாம் வேனைப் பார்த்து, "தெலகம், முன்னாடி ஓட்ட வழியா வந்துரு! முன்னாடி வந்துரு!" என்று கத்தினான். முன் இருக்கை பக்கம் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. அந்தக் கதவைத் திறந்தால் இடுப்பளவு தண்ணீர், பத்து எட்டில் மேடு. உள்ளே பிள்ளை இருப்பது தெரியாமல் பெரியவர் இவ்வளவு நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார். ஆனால் முன்பக்கக் கண்ணாடியில் பிள்ளையின் தலை தெரியவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாகமணி மார்பில் அறைந்துகொண்டு அழுதாள்.

தாழ்ப்பாள் நீங்கிய பிறகும் கதவு வரவில்லை. தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களும் சம்பானை விட்டுக் குதித்து, பிடித்து இழுத்தார்கள். கதவு விலகியதும் பாய், தலையணை, மண்ணெண்ணெய் அடுப்பு, கறிச்சட்டி எல்லாம் மிதந்து வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் இருசப்பன் தடவிப் பார்த்துத் தள்ளிவிட்டான்.

கீழ்ப் பலகை முங்கிப்போயிருந்தது. மேல் பலகையில், கூரையில் தலை இடிக்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு திலகம் உட்கார்ந்திருந்தாள். பாவாடை விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, இப்போது அழவில்லை. நனையாமல் இருக்கக் கடிகாரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

இருசப்பன் அவளை எட்டிப் பிடித்தான். "ஏம்மா, முன்னாடி வழியாப் போயிருக்கலாம்ல? கதவத் தெறந்து எறங்கி ஓடியிருக்கலாம்ல? அப்பா கத்துனேனே, கேக்கலயா?"

"கேட்டுச்சுப்பா" என்றாள் திலகம்.

பிறகு கடிகாரத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அது பழைய நேரத்தில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. நான் கால வச்சா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்ல."