முதுகில் இருக்கும் கண்

வங்கதேசத்து ரங்பூர் வட்டாரப் பெண்கள் கால்பந்தில் முர்ஷிதாவைத் தெரியாதவர்கள் கிடையாது. நடுக்களத்தில் ஆடுபவள். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு பார்வை பார்த்துவிடுவாள். எவள் பாய்ந்து வந்தாலும் அதற்குள் பந்து வேறொருத்தியிடம் போயிருக்கும்.

அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது சின்ன வயதில், பையன்களோடு பந்து ஆடிய அறுவடை முடிந்த நெல்வயலில். அண்ணன் லுத்ஃபர் சைக்கிளில் வந்துவிட்டால் அவள் பின்னலைப் பிடித்து ஊர் பார்க்க இழுத்துக்கொண்டு போவான்.

"காலக் காட்டிக்கிட்டு ஓடுறியா? உன்ன எவன்டி கட்டுவான்?"

அவன் எந்தப் பக்கமிருந்து வருவான் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாப் பக்கமும் பார்க்கப் பழகினாள். தேசிய அணி வரைக்கும் போனாள்.

இப்போது லுத்ஃபர் ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. இன்று இடைவேளையில் அவள் கோட்டோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவன் பக்கத்து ஆளுக்குப் பொரியை நீட்டியபடி பேசுவது கேட்டது.

"என் தங்கச்சிக்கு முதுகுலயும் கண்ணு. பாத்தீங்கல்ல?"

"யாரு பாய் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. அல்லா குடுத்தது."

அவன் பொய் சொல்லவில்லை. சுத்தமாக மறந்திருந்தான், மகராசன்.

"முர்ஷி, ரெண்டு வாய் பொரி தின்னுட்டுப் போ" என்று எழுந்து வந்தான்.

காலடிச் சத்தம் நெருங்கியது. முர்ஷிதாவின் கை தானாகப் போய்ப் பின்னலைப் பிடித்துக்கொண்டது.