நீர்வேலிக்குப் போன சவரக்கத்தி

நீர்வேலிக்கு எப்படிப் போவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வாழைத்தோட்டங்களைப் படம் பிடிக்கப் போகிறார்களாம். நான் அங்கே முதன்முதலில் போனது 1992இல், ஒரு சனிக்கிழமை, ஒருவருக்குத் தாடி வழிக்க. வழித்தது நான் அல்ல. நான் சைக்கிள் மட்டும்.

வழித்தவர் மரியதாஸ் அண்ணை, யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவர். போரால் கடலுக்குப் போகத் தடை வந்தபின், தம் கத்தோலிக்கக் கோயில் சங்கத்தாரோடு ஆசுபத்திரிக்குப் போய், பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்குச் சவரம் செய்துவந்தார். ஏழைக்குச் செய்வது ஆண்டவருக்கே செய்வது என்று நம்பினார். ஆகவே கத்தியை மிகக் கவனமாகத் தீட்டுவார். அங்கே அவரைக் கண்ட பவானி என்ற பெண் தன் தகப்பனுக்காகக் கேட்டிருந்தாள். அண்ணையிடம் சைக்கிள் இல்லை. நான் சைவன், என் சைக்கிளுக்கு மதம் கிடையாது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். நல்லூர், இருபாலை, கோப்பாய் வழியாகச் சுமார் பத்து கிலோமீற்றர். சமதரைதான்; ஆனால் பின்னால் ஒரு மீனவர் இருந்தால் ஏற்றம்போலத் தெரியும். பெற்றோல் இல்லாத காலமாதலால் வீதியில் இடம் தாராளம். இருபாலையில் இளைப்பாறினோம். என் பாண் ரொட்டியில் பாதியை அண்ணை சாப்பிட்டார். மற்றப் பாதியையும் பார்த்தார்.

பவானியின் தகப்பன் அம்பலவாணர் விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தார். வாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது, தோட்டம் கைமாறிவிட்டது, தாடி நெஞ்சைத் தொட்டது. மறுநாள் பவானிக்குக் கலியாணம். தாடியோடு சபைக்கு வரமாட்டேன் என்றார் அவர். அப்பா இல்லாமல் தாலி கட்டிக்கொள்ளமாட்டேன் என்றாள் அவள். ஊரில் சவரம் செய்பவர் இடம்பெயர்ந்துவிட்டார். அயலவர் எவரும் அந்த வேலைக்கு 'உரியவர்' அல்லர். ஷெல் விழுந்து கூரை போகலாம். எங்கள் ஊர்களில் சாதி போகாது.

"ஆர் நீ?"

"குருநகர், ஐயா."

"குருநகரிலை மீனெல்லே பிடிப்பினம்?"

"கடலுக்கு விடுறாங்கள் இல்லை, ஐயா. அதாலை இப்ப கரையிலை தொழில்."

"கூலி என்ன?"

"கூலி இல்லை. ஆண்டவருக்காகச் செய்யிறன்."

அம்பலவாணர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன்ரை ஆண்டவருக்கும் தாடிதானே? முதல்லை அவருக்குப் போய் வழி. கலியாணச் சவரத்துக்கு அரிசியும் வேட்டியும் குடுத்த வீடு இது. நான் சும்மா வாங்கிறவன் இல்லை."

பவானி ஒரு வாழைக்குலையை இழுத்துவந்து வைத்தாள். அண்ணை தலையசைத்தார். உதவப் போகும் வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாங்கக்கூடாது என்பது சங்க விதி. வாங்காமல் கொடுப்பவர் ஒருவர், கொடுக்காமல் வாங்காதவர் ஒருவர். நடுவில் ஒரு தாடி. பவானி குலையின் பக்கத்திலேயே குந்தி அழத் தொடங்கினாள்.

அண்ணை கத்தியை மடித்தார். போகப்போகிறார் என்று நினைத்து நான் சைக்கிளை நிமிர்த்தினேன். அவர் படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவினார்.

"ஐயா, விடிய வெறும் வயித்தோடை வெளிக்கிட்டனான். பசி தாங்கேலாமல் கிடக்கு. ஏதும் சாப்பிடத் தருவியளோ?"

இருபாலைப் பாணை நான் நினைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பொய் பாவம் என்று படிப்பிக்கிற மனிதர்.

அம்பலவாணர் நிமிர்ந்தார். "பிள்ளை! இலை போடு."

"எங்கை அப்பா?" என்றாள் பவானி மெதுவாக. அந்த வீட்டில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. கொல்லைப்புறம் என்பது அது.

அம்பலவாணர் அண்ணையின் கத்தியைப் பார்த்தார். "எங்கையோ? என்ரை முகத்திலை கை வைக்கிறவன் கொல்லைப்புறத்திலையோ இருக்கிறது? உள்ளுக்கை போடு."

சோறு, பருப்பு, வாழைப்பூ வறை. அம்பலவாணர் தம் கதிரையை இலைக்கருகே இழுப்பித்து, "இன்னும் போடு, இன்னும் போடு" என்றபடி இருந்தார். அண்ணை மூன்றாம் தரமும் வாங்கினார். அதற்குத் தேவை இருக்கவில்லை.

பிறகு முகத்தில் நுரை போட, தாளில் சுற்றிக் கொண்டுவந்த சவர்க்காரத் துண்டை எடுத்தார். அந்த நாளில் அது தங்கம்.

"மீன் செதில் எடுக்கிற மாதிரி எடுத்துப்போடாதை."

"மீன் உப்பிடிக் கதைக்காது, ஐயா. ஆடாமல் இருங்கோ."

தாடி போனபின் பவானி கண்ணாடியைப் பிடித்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு முகூர்த்தம்" என்றார் அண்ணையிடம். "பந்தியிலை நீ இருக்கோணும்."

திரும்பும்போது சைக்கிள் இன்னும் கனத்தது. "பொய்யும் சொன்னியள், விதியையும் முறிச்சியள்" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவன். வறை எப்பிடியெண்டும் சாமியார் கேப்பார்."

மறுநாளும் நானே மிதித்தேன். அம்பலவாணர் இடக்கையால் மகளைப் பிடித்துக் கொடுத்தார். பந்தியில் அண்ணைக்கு இருபக்கமும் கொஞ்சம் இடம் விட்டே ஆட்கள் இருந்தார்கள். ஒரு சவரத்தால் ஊர் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அம்பலவாணர் கதிரையைத் தூக்குவித்து, ஒரு பக்கத்து வெற்றிடத்தில் தாம் வந்து இருந்தார்.

இனிப் பயணக் குறிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் ஏறுங்கள். கோப்பாய் தாண்டியதும் வாழைகள் தெரியும். படம் எடுக்கக் காலை வெயில் நல்லது. யாருக்காவது உதவி செய்யும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று: வழியில் இருபாலையில் நல்ல பாண் கிடைக்கும். சாப்பிட வேண்டாம்.